ஒதுக்கு கரைந்த மாதங்களில் இலங்கைத் தலைவர்களிடம் திட்டம் இருந்ததா?

2022 ஜனவரி 18ஆம் திகதி முதிர்வடைந்த 500 மில்லியன் டொலர் சர்வதேச முறியை (வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க விற்ற பத்திரத்தை) இலங்கை அரசு ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் முழுதாகக் கட்டியது. அதே வாரங்களில் டொலர் இல்லாததால் விடுவிக்கப்படாத உணவுக் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. பால்மாவும் சமையல் எரிவாயுவும் கடைகளில் அரிதாகிவிட்டன. மூன்று மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 12ஆம் திகதி, பெரும்பாலான வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. இரண்டு முடிவுகளின்போதும் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷதான். ஆனால் ஜனவரி முடிவும் ஏப்ரல் முடிவும் ஒரே திட்டத்துக்குள் அடங்கக்கூடியவை அல்ல. ஏப்ரலில் நிறுத்த வேண்டியிருந்த கடனுக்கு ஜனவரியில் 500 மில்லியன் டொலர் போனது எதற்காக?

இந்தக் கேள்விக்கு மக்களிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஒன்று. எல்லாம் தெரிந்தே செய்தார்கள் என்பது மற்றது. இரண்டுமே உண்மையில் நடந்ததைப் பார்க்கவிடாமல் செய்கின்றன. திட்டம் என்ற பெயரில் ஆவணம் இருந்தது. அதில் தொகைகள் இருந்தன, காலவரையறை இருந்தது, பொறுப்பான அதிகாரிகளும் இருந்தார்கள். பணம் எல்லாவற்றுக்கும் போதாமல் போகும்போது எதைக் கைவிடுவது என்ற முடிவும், எண்ணியது நடக்காவிட்டால் எந்தத் திகதியில் வழியை மாற்றுவது என்ற முடிவும்தான் அதில் இல்லை. ஒரு தேசிய நெருக்கடியில் தலைவர்களிடம் உண்மையான திட்டம் இருக்கிறதா என்று பார்க்க விரும்புபவர் முதலில் தேட வேண்டியவை இந்த இரண்டையும்தான்.

ஆறு மாதப் பாதை வரைபடம்

2021 செப்டம்பர் நடுப்பகுதியில் மத்திய வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற அஜித் நிவார்ட் கப்ரால், ஒக்டோபர் 1ஆம் திகதி ஆறு மாதங்களுக்கான பாதை வரைபடம் ஒன்றை வெளியிட்டார். வெளிநாட்டு ஒதுக்கை, அதாவது நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை, எப்படி உயர்த்துவது, கடனை எப்படித் தவறாமல் கட்டுவது என்பதெல்லாம் அதில் இருந்தது. வரவுப் பக்கத்தில் அரசுகளுக்கிடையிலான கடன்கள், பிற நாட்டு மத்திய வங்கிகளுடனான நாணயப் பரிமாற்று ஏற்பாடுகள் (குறித்த காலத்துக்கு ஒருவர் நாணயத்தை மற்றவருக்குத் தருவது), குறைவாகப் பயன்படும் அரச சொத்துகளைப் பணமாக்கல், ஏற்றுமதியாளர்கள் தங்கள் வருமானத்தை நாட்டுக்குக் கொண்டுவந்து ரூபாவாக மாற்றுவது ஆகியவை நிரலாக வந்தன.

செலவுப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு திகதி உண்டு, அது மாறாது. ஜனவரி 18இல் 500 மில்லியன், ஜூலை 25இல் 1 பில்லியன். வரவுப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் இன்னொருவரின் சம்மதத்தைப் பொறுத்தது. டில்லி, பெய்ஜிங், டாக்கா, தனியார் முதலீட்டாளர், ஏற்றுமதியாளர் என எல்லோரும் குறித்த காலத்துக்குள் ஆம் சொன்னால்தான் கணக்கு நேராகும். அவர்களில் இருவர் இழுத்தடித்தால் என்ன செய்வது என்ற பகுதி இல்லை. நவம்பர் முடிவில் ஒதுக்கு 2 பில்லியனுக்குக் கீழே போனால் சர்வதேச நாணய நிதியத்திடம் போவோம், அல்லது முறிகளை மறுசீரமைப்போம், அல்லது ரூபாவின் விலையைச் சந்தையே நிர்ணயிக்க விடுவிப்போம் என்று ஏதாவது ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். நவம்பர் முடிவில் ஒதுக்கு 1.6 பில்லியன் டொலருக்கு இறங்கியது. ஆனாலும் பாதை மாறவில்லை.

டிசம்பர் முடிவில் ஒதுக்கு திடீரென 3.1 பில்லியனாக உயர்ந்தது. ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான, சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியின் 10 பில்லியன் யுவான் பரிமாற்று ஏற்பாட்டைக் கணக்கில் சேர்த்ததுதான் அதற்குப் பிரதான காரணம். நாட்டின் ஒதுக்கு மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமானதாக இருந்தால்தான் அந்த யுவானைத் தொடலாம் என்பது உடன்படிக்கையின் நிபந்தனை. இது 2022இல்தான் பொதுவெளிக்கு வந்தது. 2021இல் இலங்கையின் இறக்குமதிச் செலவு சுமார் 20.6 பில்லியன் டொலர். மாதத்துக்கு 1.7 பில்லியன், மூன்று மாதத்துக்கு 5.1 பில்லியன். அதாவது கையில் 5 பில்லியனுக்கு மேல் இருக்கும்போது, உதவி தேவைப்படாத நிலையில், எடுக்கக்கூடிய பணம் அது. ஒதுக்கு இல்லாத நாட்டுக்கு அது தலைப்புச் செய்தியில் காட்டும் எண்ணாக மட்டுமே பயன்பட்டது.

அதைக் கழித்தால் ஜனவரியில் கையில் இருந்தது 1.6 பில்லியன். அதிலும் ஒரு பகுதி தங்கம். அந்தத் தங்கத்திலும் கணிசமானதை விற்றுவிட்டதாக ஆளுநரே ஒப்புக்கொண்டார். முறிக்கு 500 மில்லியன் போனதும் மீதி 1.1 பில்லியன். 2021இன் வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 8.1 பில்லியன் டொலர். மாதத்துக்கு 680 மில்லியன். சுற்றுலாவும் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பும் பணமும் அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குக்கூடத் தாங்காது. 2022 முழுதும் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் தவணைகள் 7 பில்லியன் டொலர் அளவில் காத்திருந்தன. இந்தக் கணக்குக்குப் பொருளியல் பட்டம் வேண்டாம். மத்திய வங்கி மாதாமாதம் வெளியிட்ட எண்களே போதும்.

முறியைக் கட்ட வேண்டும் என்றவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. சுதந்திரத்துக்குப் பின் இலங்கை ஒருமுறைகூடக் கடன் தவறியதில்லை. தவறினால் இறக்குமதிக்கு உள்ளூர் வங்கிகள் தரும் கொடுப்பனவு உத்தரவாதமான கடன்சான்றுப் பத்திரங்களை வெளிநாட்டு வங்கிகள் ஏற்காமல் போகலாம், எரிபொருள் கப்பல்கள் முன்பணம் கேட்கலாம் என்ற பயம் பொய்யானதல்ல. ஆனால் அந்த வாதம் எடுபட, ஜனவரிக்குப் பிறகு ஜூலை மாத 1 பில்லியன் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் வேண்டும். பதில் இல்லாத நிலையில் கட்டிய 500 மில்லியன், தவறுவதைத் தடுக்கவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட்டது. அந்த மூன்று மாதத்தில் நாடு இழந்தது மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் போயிருக்கக்கூடிய டொலர்கள்.

முறிக்குப் பணம், அதனால் மருந்துக்கு இல்லை என்று எந்த அமைச்சரவைக் கூட்டத்திலும் நேரடியாக முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. முறிக்குத் திகதி இருந்தது, மருந்துக்கு இல்லை. திகதி இருந்தது முந்திக்கொண்டது. தலைவர்கள் முன்னுரிமையை நிர்ணயிக்காவிட்டால் பற்றாக்குறையே நிர்ணயித்துவிடும். எந்த வங்கியிடம் டொலர் இருக்கிறது, எந்த இறக்குமதியாளருக்கு வங்கி மேலாளரைத் தெரியும், எந்தக் கப்பல் காத்திருக்க மறுத்துத் திரும்பிப் போகிறது என்பவையே அடுத்த சில மாதங்கள் நாட்டின் முன்னுரிமைப் பட்டியலாக இருந்தன.

முன்னதாகவே உடைந்த எடுகோள்

டொலர் நெருக்கடிக்குப் பின்னால் ரூபா நெருக்கடி ஒன்று இருந்தது. 2019 டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிய வேண்டிய வருட விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு ஒரேயடியாகத் தூக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியும் அடுத்து நின்றது. வரி குறைந்தால் வியாபாரம் பெருகும், பெருகிய வியாபாரம் வருமானத்தை ஈடுசெய்யும் என்பது எடுகோள். அதை ஒரு வாதமாகவாவது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு மாதத்துக்குள் கொவிட் வந்து நாடே ஊரடங்கில் இருந்தது. வியாபாரம் பெருகும் என்ற எடுகோள் அன்றே முடிந்துவிட்டது. வரிக்குறைப்பு மட்டும் தொடர்ந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 முதல் 12 சதவீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் 8 சதவீதமாகச் சுருங்கியது.

அந்த இடைவெளியை மத்திய வங்கி புதிதாக உருவாக்கிய பணம் நிரப்பியது. அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலின் ஏலத்தில் விலைபோகாததை மத்திய வங்கியே வாங்கிக்கொள்ளும். 2019 முடிவில் அதன் கையில் இருந்த அரச பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 முடிவில் 1.4 டிரில்லியன். அந்தப் பணம் சம்பளமாகவும் ஒப்பந்தக் கொடுப்பனவாகவும் வெளியே போய், கடைசியில் இறக்குமதிப் பொருளைத் தேடி டொலராக மாறப் பார்த்தது. டொலர் விலையைப் பூட்டிவைத்துக்கொண்டே ரூபாவைப் பெருக்கினால், ஒதுக்கு கரைவதைத் தவிர வேறு முடிவில்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதுதான் வேதனை.

203 ரூபாவில் பூட்டிய டொலர்

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை டொலர் 200 முதல் 203 ரூபாவுக்குள் பூட்டி வைக்கப்பட்டது. வெளிச்சந்தையில் 240, 250 என்று போய்க்கொண்டிருந்தது. வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவர் மாதம் 300 டொலர் வீட்டுக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் 203 வீதம் 60,900 ரூபா. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் 245 வீதம் 73,500. வித்தியாசம் 12,600 ரூபா. ஒரு குடும்பத்தின் பல நாள் சமையல் செலவு. மத்திய வங்கி டிசம்பரில் டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை அறிவித்தது. அதையும் சேர்த்தால் 63,900. இன்னும் கிட்டத்தட்ட பத்தாயிரம் குறைவு. நாட்டுப்பற்றைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள், உண்டியல் கணக்குகளை முடக்கப்போவதாகவும் எச்சரித்தார்கள். 2021 ஜனவரியில் வங்கிகள் வழியாக 675 மில்லியன் டொலர் வந்தது. 2022 ஜனவரியில் வந்தது 259 மில்லியன்.

வேறெந்த உத்தரவைக் காட்டிலும் அரசின் வெளிநாட்டுச் செலாவணிக் கணக்கை அதிகம் பாதித்தது இந்தப் பூட்டுதான் என்பது எங்கள் கணிப்பு. ஒரு மாதத்தில் 400 மில்லியன் டொலர் வராமல் போகிறது. ஜனவரி முறியில் பாதிக்கும் மேல். இறக்குமதியாளர்களுக்கும் இதே விலைதான் சமிக்ஞை. 203இல் கிடைக்கும் டொலர் மலிவானது, நாளை ஏறப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால், ஏற்றுமதியாளர் தன் டொலரை வெளியே வைத்திருப்பார், இறக்குமதியாளர் தேவைக்கு மேல் இன்றே வாங்கப் பார்ப்பார். 2021 செப்டம்பரில் 623 பொருள்களுக்கு இறக்குமதிப் பெறுமதி முழுவதையும் முன்வைப்பாகக் கட்டச் சொன்னது இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். நோயின் காரணத்தைத் தொடாமல் அறிகுறியைக் கட்டிப்போடும் உத்தரவுகள் வாரத்துக்கு ஒன்றாக வரத் தொடங்கினால், மேலே ஒரு முடிவு எடுக்கப்படாமல் இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

மார்ச் 7இல் ரூபாவை விடுவித்தபோதும் அது தனியாக வந்தது. வட்டி வீதம் போதிய அளவு உயரவில்லை, கடன் நிறுத்தம் இல்லை, நாணய நிதியத்துடன் உடன்பாடு இல்லை. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. ஒரே மருந்தை ஆறு மாதம் முன்பு, மற்ற மூன்றோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்த அளவு வீழ்ச்சி தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறோம்.

பசளையில் வரிசை தவறியது

2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவது என்று இருந்தது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி இரசாயன உரம், பூச்சிகொல்லி இறக்குமதியைத் தடை செய்தது. பத்தாண்டு இலக்கு ஒரே போகத்துக்குள் திணிக்கப்பட்டது. நவம்பர் கடைசியில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் ஆண்டின் முக்கிய நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்பு நடந்துகொண்டிருந்தது.

இதைக் கொள்கையின் நன்மை தீமை என்ற கோணத்தில் பேசுவதைவிட அளவைப் பார்ப்பது பயன் தரும். நீர்ப்பாசன நெல்லுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ தழைச்சத்து (நைதரசன்) வேண்டும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆகவே 217 கிலோ, அதாவது நாலரை மூட்டை போதும். நல்ல கூட்டெருவில் தழைச்சத்து ஒன்றரை சதவீதம் இருந்தால், அதே 100 கிலோவுக்கு 6.7 தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். மீதி மண்ணில் மெல்ல மெல்ல வெளிவரும். பெரும்போகத்தில் ஏழரை இலட்சம் ஹெக்டேர் நெல் என்று வைத்தால், குறைந்தபட்சக் கணக்கிலேயே 50 இலட்சம் தொன் கூட்டெரு. அதைத் தயாரிக்கக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். மூலப்பொருள் வேண்டும், வயல்வரை ஏற்றிச் செல்ல லொறிகள் வேண்டும், கொட்டிப் பரப்ப ஆட்கூலி வேண்டும். மே மாதத்தில் தடை, ஒக்டோபரில் விதைப்பு. இந்தப் பெருக்கல் கணக்கை விவசாயத் திணைக்களத்தில் ஓர் இளநிலை அதிகாரியே ஒரு மாலையில் போட்டிருப்பார். அதை மேலே கொண்டுபோய்ச் சொல்லும் வழிதான் இல்லை. விவசாய விஞ்ஞானிகள் பகிரங்கமாகக் கடிதம் எழுதியும் கேட்கப்படவில்லை.

டொலரை மிச்சப்படுத்தத்தான் தடை என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. 2020இல் உர இறக்குமதிச் செலவு 260 மில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவு. 2021இன் வர்த்தகப் பற்றாக்குறையில் அது பதினொரு பன்னிரண்டு நாள் கணக்கு. அதற்கு ஈடாக 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அரிசியை டொலர் கொடுத்து வாங்க வேண்டி வந்தது. தேயிலைக் கொழுந்தும் குறைந்தது. தேயிலை டொலர் ஈட்டும் பயிர் என்பதை நினைவில் வைத்தால் இழப்பின் அளவு புரியும். மிச்சத்தையும் செலவையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

1991 ஜூலையில் டில்லியில் நடந்தது

ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1991 ஜூனில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 1 பில்லியன் டொலர். இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே போதும். ஜூன் 21இல் பி.வி. நரசிம்ம ராவ் பிரதமரானார். மன்மோகன் சிங் நிதியமைச்சர். அதற்குப் பிறகு நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள்.

ஜூலை 1இல் ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 9 சதவீதம் குறைக்கப்பட்டது. சந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு ஜூலை 3இல் இன்னும் 11 சதவீதம். ஜூலை 4இல் வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம் ஏற்றுமதியாளர்களுக்கான ரொக்க மானியத்தை நீக்கினார். நாணய மதிப்புக் குறைந்ததால் ஏற்றுமதியாளருக்கு ஏற்கனவே ஆதாயம். ஆகவே மானியம் தேவையில்லை, அரசுக்கு அந்தச் செலவு மிச்சம். முதல் நடவடிக்கை இரண்டாவதைச் சாத்தியமாக்கியது. அதே நாளிலிருந்து ஜூலை 18 வரை ரிசர்வ் வங்கி 46.91 தொன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்து ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் பெற்றது. ஜூலை 24இல் வரவுசெலவுத் திட்டமும் புதிய தொழிற்கொள்கையும் ஒரே நாளில் வந்தன. தங்கம் சில வாரங்களை வாங்கிக் கொடுத்தது. அந்த வாரங்களில் செய்ய வேண்டியது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தங்கம் மீட்கப்பட்டது.

ராவின் அரசு ஒரே மாதத்தில் இவை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கவில்லை. 1990இலேயே அரச அதிகாரியான மொன்டெக் சிங் அலுவாலியா தயாரித்த சீர்திருத்தக் குறிப்பு டில்லி அதிகாரிகளிடையே விவாதிக்கப்பட்டிருந்தது. 1991 மே மாதத்தில், பெரும்பான்மை இல்லாத சந்திரசேகர் அரசே 20 தொன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பியது, எஸ். வெங்கிடரமணன் அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர். அடுத்த அரசு அதை நிறுத்தவில்லை, அதன் மேலேயே கட்டியது. ஜூலை 3ஆம் திகதி இரண்டாம் மதிப்புக் குறைப்புக்கு முன் பிரதமர் தயங்கி நிறுத்தச் சொன்னதாகவும், துணை ஆளுநர் சி. ரங்கராஜனுக்கு அழைப்புப் போனபோது வேலை முடிந்திருந்ததாகவும் சம்பந்தப்பட்டவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். தலைவரின் மனம் தடுமாறலாம், அது இயல்பு. கீழே உள்ளவர்களிடம் ஒரு வரிசை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் தடுமாற்றம் திட்டத்தைக் குலைப்பதில்லை.

ஏப்ரலுக்குப் பின்

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரமானது. மார்ச் 31 இரவு கொழும்புக்கு அருகே மிரிஹானவில் ஜனாதிபதியின் இல்லத்தின் முன் மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் 3இல் அமைச்சரவை பதவி விலகியது. ஏப்ரல் 8இல் புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். வங்கிகள் மத்திய வங்கியில் வைக்கும் பணத்துக்கான வீதம் 13.5 சதவீதம், அதனிடம் வாங்கும் கடனுக்கான வீதம் 14.5 சதவீதம். நான்கு நாளில் கடன் நிறுத்தம். மே மாதத்தில் கடன் மறுசீரமைப்புக்கு நிதி ஆலோசகராக லசார்டும் சட்ட ஆலோசகராக கிளிபர்ட் சான்ஸும். மே 4இல் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில், பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார். 

அந்த டொலர் பற்றாக்குறையை நிரப்பியது பெரும்பாலும் இந்தியா. கடன் வசதிகள், நாணயப் பரிமாற்று, ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் தமக்கிடையிலான வர்த்தகக் கொடுப்பனவுகளைத் தீர்க்கும் ஆசியத் தீர்வுக் கழகத் தவணைகளின் ஒத்திவைப்பு எல்லாம் சேர்த்து அவ்வாண்டில் கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர். தமிழ்நாடு அரசு தனியாக 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அறிவித்து, மே மாதத்தில் முதல் கப்பலை அனுப்பியது.

ஜூலையில் அறிமுகமான எரிபொருள் கியூஆர் அட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த முழு நெருக்கடியிலும் உண்மையான திட்டம் எப்படி இருக்கும் என்று கைக்கெட்டும் தூரத்தில் காட்டியது அதுதான். அதற்கு முன் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள், ஒரு தடவைக்கு இத்தனை ரூபாவுக்கு என்று எல்லை வைத்தார்கள். இரண்டிலும் ஒருவர் ஒரு ஷெட்டில் (எரிபொருள் நிலையத்தில்) நிரப்பிவிட்டு அடுத்த ஷெட் வரிசையில் நிற்கலாம். நாளை கிடைக்காது என்ற பயத்தில் தாங்கி நிறைந்திருந்தாலும் நிற்பார். புதிய முறையில் வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், உரிமையாளரின் அடையாள அட்டை மூன்றையும் பதிந்தால் ஒரு குறியீடு வரும். பம்பில் நிற்பவர் தன் தொலைபேசியால் அதைப் படித்து, ஊற்றிய லீற்றரைக் கழிப்பார். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. தன் பங்கு எங்கும் போகாது என்று தெரிந்ததும் மக்கள் வரிசையை விட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வரிசை மறைந்தது வெளியே தெரிந்த பலன். உள்ளே நடந்தது அதைவிடப் பெரியது. பதிவான வாகன எண்ணிக்கையை ஒதுக்கீட்டால் பெருக்கினால் அடுத்த வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை லீற்றர் தேவை என்று தெரிகிறது. ஆகவே கையில் உள்ள டொலருக்கு ஏற்றபடி ஒதுக்கீட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. எதைக் குறைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட முறை அது. நிலைமை மாறும்போது என்ன மாறும் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. 2023 செப்டம்பர் 1இல் அது தேவையற்றதாகி நிறுத்தப்பட்டது. குறை இல்லாமலும் இல்லை. வாகனம் தன் பெயருக்கு மாற்றப்படாதவர்கள் பதிய முடியாமல் அலைந்தார்கள். படகு, நீரிறைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு இந்த அட்டை பொருந்தவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது, வடக்குக் கிழக்கின் சிறுபடகு மீனவர்களுக்கு எந்தக் குறியீடும் உதவவில்லை.

அதனால்தான் திட்டம் இருந்ததா என்ற கேள்வியையும் திட்டம் நியாயமானதா என்ற கேள்வியையும் பிரித்தே கேட்க வேண்டும். 2022 மேயில் பிரதமராகவும் ஜூலையில் ஜனாதிபதியாகவும் வந்த ரணில் விக்ரமசிங்கவின் காலத்தில் வரிசை தெளிவாக இருந்தது. 2022 செப்டம்பர் 1இல் நாணய நிதியத்துடன் அதிகாரிகள் மட்ட உடன்பாடு, 2023 மார்ச் 20இல் ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு நிறைவேற்றுச் சபையின் ஒப்புதல், பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 சதவீதத்திலிருந்து 12க்கும் செப்டம்பரில் 15க்கும் உயர்வு, 2024 ஜனவரியில் 18. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் பெரும்பாலும் தப்பின. ஊழியர் சேமலாப நிதியின் தலையில் பாரம் விழுந்தது. வேலை செய்து சேர்த்த தொழிலாளரின் ஓய்வூதியப் பணத்தில் கைவைப்பது என்று எடுத்த முடிவு அது. வங்கிகள் சரிந்தால் வைப்பாளர்கள் எல்லோரும் மாட்டுவார்கள் என்ற காரணம் சொல்லப்பட்டது. ஏற்கலாம், மறுக்கலாம்; ஆனால் யார் சுமப்பது என்று ஒரு முடிவு இருந்தது, அதனால் அதை எதிர்த்து வாதாட மக்களுக்கு ஓர் இடமும் இருந்தது. 2021இல் அந்த இடமே இருக்கவில்லை.

2023 நவம்பர் 14இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, மஹிந்த, பஷில் ராஜபக்ஷ சகோதரர்களும் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உயர் அதிகாரிகள் சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வரிக்குறைப்பை மீட்காதது, ரூபாவைப் பூட்டி வைத்தது, நாணய நிதியத்திடம் போகத் தாமதித்தது, ஜனவரி முறியைக் கட்டியது போன்ற முடிவுகள்தான் வழக்கின் மையம்.

சட்டத்தில் ஒரு கதவு மூடப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டு 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், ஏலத்தில் நேரடியாகத் திறைசேரி உண்டியல் வாங்க மத்திய வங்கிக்குத் தடை விதிக்கிறது. பணத்தை உருவாக்கி முடிவைத் தள்ளிப்போடும் பழைய வழி இனி அத்தனை இலகுவாகக் கிடைக்காது. ஒதுக்கு பற்றிய அறிக்கையும் சீன மக்கள் வங்கியின் பரிமாற்றுத் தொகை நிபந்தனைக்குட்பட்டது என்ற குறிப்போடு வெளிவருகிறது. கடன் கொடுத்த நாடுகளுடன் 2024 ஜூனில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர்களுக்கான கடனின் அசல் தொகைத் தவணைகள் 2028இல் தொடங்குகின்றன. அந்தத் தவணைகளுக்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது கேட்க வேண்டியவை உண்டு: வருமென்று எழுதியிருக்கும் டொலரில் எவ்வளவு பிறர் சம்மதத்தைப் பொறுத்தது? ஒதுக்கு எந்த எண்ணுக்கு இறங்கினால் எந்தச் செலவு முதலில் நிற்கும்? அதை நிறுத்தும் அதிகாரம் யாருடைய கையொப்பத்தில் இருக்கிறது? இவற்றுக்கான பதிலைப் பகிரங்கமாக எழுதிவைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இலங்கையில் இன்னும் இல்லை.